அடுத்தவர் பேரில் ஒரு நடை

பணக்காரர்களுக்கு வியர்க்காமலே உடம்பு திடமாகிற காலம் அது. எப்படி என்று கேட்டால், அவர்களுக்குப் பதிலாக இன்னொருத்தர் வியர்த்தார். இதைப் புரிந்துகொள்ளப் பெரிய படிப்பெல்லாம் வேண்டியதில்லை.

நாம் வேகமாக நடந்தால், ஓடினால், ரத்தத்தில் என்னமோ ஒன்று சுரக்கிறது. நெஞ்சுக்கு வலுவும் மூட்டுக்கு இதமும் கொடுப்பது அதுதான். சோர்ந்து கிடக்கிற நரம்பை உசுப்புவதும், 'அப்பாடா' என்று மனசை லேசாக்குவதும் அதுதான். நடந்து முடித்த கையோடு அதை ஊசியால் உறிஞ்சிப் பிரித்தெடுத்து, சோபாவில் சாய்ந்திருக்கிற இன்னொருத்தர் உடம்பில் ஏற்றிவிட ஒரு வழியைக் கண்டுபிடித்துவிட்டார்கள். 'அகநலம்' என்ற கம்பெனி அதற்கு 'நலச்சாறு' என்று பேர் வைத்து விற்றது. நடந்து கொடுக்கிறவர்கள் வெறுமனே 'சாறு' என்றார்கள். சாறு போனால் மிச்சம் என்ன என்பது கரும்பு மெஷினைப் பார்த்தவர்களுக்குத் தெரியும்.

முதலில் ஏசி ஹாலில் வரிசையாக ஓட்ட மெஷின்களைப் போட்டு அதில்தான் ஆட்களை ஓடவிட்டார்கள். சாறு வந்தது, ஆனால் கழனித் தண்ணீர் மாதிரி வந்தது. அந்தச் சமயத்தில் ஒரு பெண், காய்ச்சலில் கிடந்த தன் மகளுக்காக வேண்டிக்கொண்டு, தாராபுரத்துக்கு மேற்கே இருக்கிற பாறைக்குமரன் மலையை வெறுங்காலோடு சுற்றிவிட்டு நேராக வேலைக்கு வந்தாள். அன்றைக்கு அவளிடமிருந்து எடுத்த சாறு தேன் போலத் திடமாக இருந்தது. இன்னொரு உயிர் நன்றாக இருக்க வேண்டும் என்று மனசில் நினைத்துக்கொண்டு நடந்தால் சாறு நன்றாக ஊறும் என்று தெரிந்துபோயிற்று. ஏன் ஊறுகிறது என்று இரண்டு டாக்டர்கள் மூன்று காரணம் சொன்னார்கள். கம்பெனி காரணத்துக்காகக் காத்திருக்கவில்லை. ஹாலை இழுத்து மூடிவிட்டு மலையடிவாரத்துக்குக் குடிவந்தது.

அங்கே வந்துதான் அந்த வேலையைச் செய்தார்கள். ஒவ்வொரு ஆளையும் குமரன் சந்நிதியில் நிறுத்தி, யாருக்காக நடக்கப் போகிறார்களோ அவர் பேரைச் சொல்ல வைத்து, மணிக்கட்டில் மஞ்சள் துண்டு வைத்துக் காப்புக் கட்டினார்கள். அந்தப் பக்கத்து ஜனங்களுக்குக் காப்பு என்றால் விளையாட்டில்லை. நோம்பிக்கு, அதாவது ஊர்த் திருவிழாவுக்கு, காப்புக் கட்டியவர்கள் ஊர் எல்லையைத் தாண்ட மாட்டார்கள், கொடுத்த வார்த்தையிலிருந்து இம்மியும் நகர மாட்டார்கள். ஒப்பந்தப் பத்திரத்திலும் எல்லோரும் கையெழுத்துப் போட்டிருந்தார்கள். அதற்கு எவனும் பயப்படவில்லை. காப்புக்குத்தான் பயந்தார்கள். கயிறு நைந்து அறுந்து விழுவதற்குள் அதன்மேலேயே புதுக் கயிற்றைக் கட்டிவிடுவது கம்பெனி வழக்கம். 

சுபிக்ஷா அப்படி நடந்துகொண்டிருந்தவள். பனியன் கம்பெனியில் துணி தைத்துக்கொண்டிருந்தாள். அங்கே எல்லாம் மெஷினே தைத்துக்கொள்ள ஆரம்பித்ததும் இங்கே வந்தாள். அவளுக்கு வாய்த்தவர் சென்னையில் கட்டடம் கட்டுகிற ராகவேந்தர் என்ற பெரிய மனிதர். போட்டோவில் மட்டும் பார்த்திருக்கிறாள். விடிகாலையில் மலையைச் சுற்றுகிறபோதெல்லாம் 'ராகவேந்தர் மூட்டுவலி போகோணும், ராகவேந்தர் நெஞ்சு நல்லா இருக்கோணும்' என்று நாலு வருஷமாக மனசுக்குள் முணுமுணுத்தாள். தன் அம்மா திதியை ஒரு வருஷம் மறந்திருக்கிறாள்; அந்த மனிதருடைய சர்க்கரை அளவை மறந்ததில்லை.

சுற்றி முடித்ததும் நேராக ஊசிக் கொட்டகை. படுக்க வைத்து எடுப்பார்கள். எழுந்து வெளியே வரும்போது நடந்த அலுப்பு அப்படியே இருக்கும், நடந்த தெம்பு மட்டும் இருக்காது. மாவட்டக் கபடி அணியில் ரைடு போய் நாலு பேரை இழுத்துக்கொண்டு கோட்டைத் தொட்ட பொம்பளை அவள். இப்போது இரண்டு குடம் தண்ணீர் தூக்கினால் நெஞ்சு அடித்துக்கொண்டது. முப்பத்தாறு வயசுக்கு முழங்கால் கரகரத்தது. தினமும் மலை சுற்றுகிறவளுக்கு இப்படியா என்று கேட்டால், தினமும் சுற்றினவளுக்குத்தான் இப்படி.

அவளுக்கு இருந்தது ஒரே தம்பி, மகிழன். காற்றாலையில் ஏறி ரிப்பேர் பார்க்கிறவன். ஒருநாள் ஏணியில் பாதியில் கை நழுவி விழுந்தான். இடுப்புக்குக் கீழே எல்லாம் உணர்ச்சியற்றுப் போனது. அக்காதான் கம்பெனியில் சொல்லி அவனுக்கு ஒரு வேலை வாங்கிக் கொடுத்தாள்: சாறு ஏற்றிக்கொள்கிற சந்தாதாரர்கள் போன் செய்தால் வீட்டிலிருந்தபடி பதில் சொல்ல வேண்டும். சாயங்காலமானால் காதில் மாட்டிக்கொண்டு, கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்து, "வணக்கம், அகநலம், சொல்லுங்க" என்பான்.

அவன் எழுந்து நிற்க வேண்டும். சுபிக்ஷாவுக்கு உலகத்தில் வேறு ஆசையே கிடையாது.

அரசு ஆஸ்பத்திரி டாக்டர் ஜெசிந்தா ஒருநாள் அதற்கு வழி சொன்னார்.

"சாறு ஏத்தினா நரம்பு துளிர்க்க வாய்ப்பிருக்கும்மா. அதுவும் கூடப்பொறந்தவங்களோடதா இருந்தா உடம்பு தள்ளாது. எடுத்து ஏத்தற மெஷின் எங்ககிட்டயே இருக்கு. சாறுதான் இல்ல."

"இல்லைங்கறீங்க? தினமும் என்றகிட்ட எடுக்கறாங்களே டாக்டர்! நேரா இங்க வந்து படுத்துக்கறேன், எடுத்து இவனுக்கு ஊத்துங்க."

"ஒரு உடம்புல ஒரு நாளைக்கு ஒரு தடவைதாம்மா ஊறும். அத நீங்க வேறொருத்தருக்குன்னு எழுதிக் குடுத்திருக்கீங்களே."

சுபிக்ஷா தம்பியைத் திரும்பிப் பார்த்தாள். அவன் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தான். சந்தோஷத்தில் பேச்சு வரவில்லை போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டாள்.

மறுநாளே மேனேஜர் அபிநந்தன் அறைக்குப் போனாள். அவருக்குக் குரலே உயராது. எல்லோரும் அவருக்குச் சகோதரிகள், சகோதரர்கள். அறையில் ஊதுவத்தி, ஒரு மூலையில் தண்ணீர் சொட்டுகிற செயற்கை நீரூற்று, சுவரில் 'பிறருக்காக நடப்பதே பெருந்தவம்' என்று பெரிய எழுத்து. அவர் இதுவரை ஒரு தடவைகூட மலை சுற்றியதில்லை என்பது வேறு விஷயம்.

"வாரத்துல ரெண்டே நாள் சார். என்ற தம்பிக்கு. மிச்ச நாளெல்லாம் அவருக்கே நடக்கறேன்."

"சகோதரி, கேக்கவே மனசு வலிக்குது" என்றார் அபிநந்தன். வலிக்கிற முகமாகத் தெரியவில்லை. "ஆனா கையில காப்பு யார் பேர்ல கட்டியிருக்கு?"

"ராகவேந்தர் பேர்லதானுங்க."

"குமரன் முன்னால நின்னு சொன்ன வார்த்தை. நான் விட்டுக் குடுத்துடலாம். அவன் விடுவானா? தெய்வக் குத்தம் தம்பி மேல இறங்கினா என்ன பண்ணுவீங்க?"

அந்தக் கடைசி வார்த்தையைக் கேட்டதும் அவள் எழுந்து கும்பிட்டுவிட்டு வந்துவிட்டாள். ஆனால் படியிறங்க இறங்க எரிச்சல் ஏறியது. தம்பியைச் சொல்லியல்லவா பயம் காட்டுகிறான் இந்த மனுஷன்! வீட்டுக்குப் போகாமல் நேராகக் கோயிலுக்குப் போனாள். பூசாரி சென்னியப்பன் வெளிப்பிராகாரத்தில் உட்கார்ந்து போனில் கிரிக்கெட் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஏனுங்க, கட்டின காப்ப எப்ப அவுக்கோணும்?"

"நோம்பி முடிஞ்சா அவுக்கோணும்" என்றார் அவர், கண்ணை எடுக்காமல்.

"எனக்குக் கட்டி நாலு வருசமாச்சு. எந்த நோம்பிங்க இது, இன்னும் முடியாம இருக்குது?"

பூசாரி போனைக் கவிழ்த்து வைத்தார். அவருக்குச் சங்கடமாகிவிட்டது. "அவுக்காத காப்புன்னு ஒண்ணு கெடையாது அம்மிணி. அவுக்காம உட்டா அது காப்பில்ல, மாட்டுக் கவுறு."

"தெரிஞ்சுதான் அத்தன பேருக்கும் கட்டுனீங்களா?"

"கட்டச் சொல்லி வந்தாங்க, கட்டுனேன். அவுக்கச் சொல்லி இத்தன நாளா ஒருத்தரும் வரலியே."

"நான் வந்திருக்கறேன்."

"நோம்பி முடிஞ்சுதுன்னு யாரு சொல்றது?"

"நான் சொல்றேனுங்க. முடிஞ்சுது."

பூசாரி அவளை ஏற இறங்கப் பார்த்தார். "அப்ப வெடியால வா" என்றார்.

விடிந்தது. நடக்கிறவர்கள் எல்லோரும் அடிவாரத்தில் கூடியிருக்கும் நேரம். சுனைக்கரையில் பூசாரி சுபிக்ஷாவின் மணிக்கட்டில் முடிச்சு மேல் முடிச்சாகத் தடித்திருந்த கயிற்றை அவிழ்க்கப் பார்த்தார். முடியவில்லை. அவள் பல்லால் கடித்து அறுத்துத் தண்ணீரில் போட்டாள்.

"அடிப் பாவி, என்ன காரியம்டி பண்ணிப்போட்ட!" என்று துளசிமணி அக்கா நெஞ்சில் கை வைத்தாள். இவளுக்கும் முன்னாலேயே வேலைக்குச் சேர்ந்தவள் அவள்.

"நோம்பி முடிஞ்சுதுங்க்கா. உங்களுதையும் வேணும்னா கேட்டுப் பாருங்க, பூசாரி இங்கதான் நிக்கறாரு."

கூட்டத்தில் சலசலப்பு எழுந்தது. சுபிக்ஷா அதைக் கேட்க நிற்கவில்லை. நடக்க ஆரம்பித்துவிட்டாள். ராகவேந்தர் பேரைச் சொல்லியே பழகின நாக்கு முதலில் தடுமாறியது. பிறகு 'என்ற தம்பி நிக்கோணும், என்ற தம்பி நிக்கோணும்' என்று வந்தது. மலையின் தெற்குப் பக்கம் திரும்பும்போது அவள் கிட்டத்தட்ட ஓடிக்கொண்டிருந்தாள். வானம் இடிந்து விழவில்லை. குமரன் வேலாயுதத்தை ஓங்கிக்கொண்டு எதிரே வரவில்லை. ஒரு மயில் மட்டும் குறுக்கே போனது, அதுவும் இவளைச் சட்டை செய்யவில்லை.

சுற்றி முடித்தாள். ஊசிக் கொட்டகை வாசலில் கால்கள் பழக்கத்தில் திரும்பின. இழுத்துப் பிடித்து நேரே நடந்தாள். பத்தடி போயிருப்பாள், என்னமோ ஆயிற்று. உள்ளங்காலிலிருந்து ஒரு கதகதப்பு ஏறியது. மூச்சு ஆழமாக, அடிவயிறு வரைக்கும் போனது. கண்ணெதிரே பாறையும் வேப்பமரமும் குப்பைத்தொட்டியும்கூடத் துடைத்து வைத்த மாதிரி பளிச்சென்று தெரிந்தன. ரைடு போய் ஜெயித்துத் திரும்பி வந்த சாயங்காலங்களில் இப்படித்தான் இருந்தது, அது அவளுக்கு மறந்தே போயிருந்தது. நாலு வருஷமாகத் தினமும் சம்பாதித்த சந்தோஷம் இதுதான், இதைத்தான் தினமும் பிடுங்கிக்கொண்டிருந்தார்கள். நடுரோட்டில் நின்று ஓவென்று அழுதாள். அழுதுகொண்டே சிரித்தாள். டீக்கடைக்காரர் பயந்துபோய்த் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார்.

அபிநந்தனின் கார் வந்து பக்கத்தில் நின்றது. அன்றைக்குத்தான் அவர் குரல் கொஞ்சம் உயர்ந்தது.

"சகோதரி, உள்ள வந்து படுங்க. இன்னும் நேரம் இருக்கு. இல்லைன்னா இது திருட்டு."

"என்ற காலு, என்ற மூச்சு, என்ற வேர்வை. இதுல நான் யாரு வூட்டுதத் திருடுனேன் சார்?"

"ராகவேந்தர் சார் அங்க வலியில துடிப்பார். கொஞ்சமாவது இரக்கம் வேணாமா?"

"அவருக்குக் காலு ரெண்டும் நல்லாத்தான இருக்குது? எந்திரிச்சு நடக்கச் சொல்லுங்க."

"உங்க தம்பி வேலையும் நம்மகிட்டதான் இருக்கு. அத ஞாபகம் வெச்சுக்கங்க."

"ஓஹோ! நேத்து தெய்வம் தண்டிக்கும்னீங்க, இன்னிக்கு நீங்களே தண்டிக்க வந்துட்டீங்களா? குமரன் லீவுல போயிட்டாருங்களா?"

டீக்கடையில் யாரோ பொத்துக்கொண்டு சிரித்தார்கள். தாராபுரம் பஸ் வந்தது. சுபிக்ஷா ஏறிக்கொண்டாள்.

ஆஸ்பத்திரிக்குப் பக்கத்து வீட்டு ஆட்டோவில் மகிழனை முன்கூட்டியே அனுப்பியிருந்தாள். சும்மா செக்கப் என்றுதான் அவனிடம் சொல்லியிருந்தாள். முந்தின ராத்திரியே போனில் சொல்லிவைத்ததால் டாக்டர் ஜெசிந்தா மெஷினைத் தயாராக வைத்திருந்தார். இந்தப் பக்கம் ஒரு கட்டில், அந்தப் பக்கம் ஒரு கட்டில். சுபிக்ஷா மூச்சிரைக்க வந்து படுத்துக் கையை நீட்டினாள்.

"சீக்கிரம் டாக்டர், சீக்கிரம். உடம்புல கரைஞ்சு போயிரும்."

"ஊசியக் கீழ வையுங்க டாக்டர்" என்றான் மகிழன்.

"டேய், கம்முனு படு."

"எனக்கு வேண்டாங்க்கா."

அவளுக்குத் தூக்கிவாரிப்போட்டது. எழுந்து உட்கார்ந்தாள். "கிறுக்குப் புடிச்சிருச்சாடா உனக்கு? காப்ப அறுத்துப்போட்டு வந்திருக்கறேன். அந்த ஆளு கூட ரோட்டுல நின்னு சண்டை கட்டிட்டு வந்திருக்கறேன். உனக்காக!"

"அதான் வேண்டாங்கறேன். நேத்து வரைக்கும் ராகவேந்தருக்காக. இன்னிக்கு எனக்காக. அவனெடுத்தா கொள்ளை, நான் எடுத்தா பாசமா?"

"நீ என்ற தம்பிடா!"

"தம்பின்னா ஊசி வலிக்காம எடுக்குமா?" மகிழன் டாக்டரைப் பார்த்தான். "டாக்டர், எனக்கு நரம்பு துளிர்த்துட்டா அப்பறம் சாற நிறுத்திக்கலாங்களா?"

"தொடர்ந்து குடுக்க வேண்டியிருக்கும்" என்றார் டாக்டர்.

"எவ்வளவு காலத்துக்குங்க?"

டாக்டர் ஊசியைத் தட்டில் வைத்தார்.

"நான் சொல்றேன். தினமும் சாயங்காலம் எனக்குத்தான போன் வருது. ஒருநாள் சாறு லேட்டாப் போச்சுன்னா மாடிப்படி ஏற முடியலைன்னு அழுகறாங்க. எல்லாம் கிழவங்கன்னு நெனைக்காதீங்க, என்ற வயசுக்காரங்க. நல்லா இருந்த ஆளுக. ஆரம்பத்துல ஜம்முனு இருக்குமாம். போகப்போக அவிக உடம்பு தானாச் சுரக்கறதயே நிறுத்திப்போடுது. வெளியிலருந்து வருதே, நாம எதுக்குன்னு உட்டுருது. அப்படிப் போன் வந்தா நான் என்ன சொல்லோணும்னு கம்பெனி சொல்லிக் குடுத்திருக்குது தெரியுங்களா? 'அளவைக் கூட்டிக்குங்க சார்.'"

"எங்களுக்கு இத யாரும் சொல்லலப்பா" என்றார் டாக்டர் மெதுவாக.

"என்றகிட்ட ஏன்டா சொல்லல நீ?" என்று கத்தினாள் சுபிக்ஷா.

"என்னான்னு சொல்றது? நீ இத்தன வருசமா ஒருத்தர நல்லாக்கறோம்னு நெனச்சுட்டு நடந்த. நீ நடந்து அந்த மனுசன முடமாக்கிட்டு இருக்கறன்னு எப்படிக்கா சொல்றது? அந்தச் சம்பளத்துலதான நானும் சாப்பிட்டேன்."

சுபிக்ஷா எழுந்துபோய் அவன் கன்னத்தில் பளாரென்று ஒன்று வைத்தாள். அடுத்த நொடியே அவன் தலையைக் கட்டிக்கொண்டு அழுதாள். "நீ எந்திரிச்சு நிக்கறதப் பாக்கோணும்டா. எனக்கு அது ஒண்ணுதான்டா வேணும்."

"எனக்கு மட்டும் ஆசையில்லாமயா இருக்குது? ஆசைதான். ராத்திரியெல்லாம் கனவுல நடந்துட்டுத்தான் இருக்கறேன்." அவனுக்கும் குரல் உடைந்தது. "ஆனா அக்கா சாகற வரைக்கும் அக்காவ உறிஞ்சிட்டு நிக்க மாட்டேன். அப்படி ஒரு நிப்பு எனக்கு வேண்டாம்."

பிறகு அவன் முகத்தைத் துடைத்துக்கொண்டு கேட்டான்:

"டாக்டர், எனக்குக் காலுதான போச்சு? கை இருக்குது. நெஞ்சு இருக்குது. நான் வேர்த்தா எனக்குள்ள சாறு ஊறாதா? அத யாராச்சும் பாத்தீங்களா?"

டாக்டர் ஜெசிந்தா கண்ணாடியைக் கழற்றினார். மறுபடி மாட்டினார். "பாக்கலப்பா. படுத்திருக்கறவங்களுக்கு ஏத்தறத மட்டுந்தான் யோசிச்சோம். ஊறும். ஊறத்தான் செய்யும். ஆனா கால் நிக்கற அளவுக்கு அது போதுமான்னு என்னால உறுதி சொல்ல முடியாது. போதாமலும் போகலாம்."

"போதாட்டிப் போகட்டும். அது என்றதா இருக்குமில்ல?"

அன்றைக்கு ஊசி குத்தவில்லை. வீடு திரும்பும்போது சுபிக்ஷாவின் உடம்பெல்லாம் தெம்பாக இருந்தது, அந்தத் தெம்பே அவளுக்குக் குற்றமாகப் பட்டது. தம்பிக்கென்று கொண்டுபோனதைத் தானே தின்றுவிட்ட மாதிரி கூசிக்கொண்டே அவனைத் தூக்கிக் கட்டிலில் உட்கார வைத்தாள். தூக்கும்போது மூச்சு வாங்கவில்லை என்பதை அவனும் கவனித்தான், அவளும் கவனித்தாள்.

மகிழனின் வேலையைக் கம்பெனி இன்னும் பிடுங்கியிருக்கவில்லை. சாயங்காலம் வழக்கம்போல் போன் வந்தது. கூப்பிட்டவர் பேரைக் கேட்டவுடன் மகிழன் அக்காவுக்கும் கேட்கிற மாதிரி ஸ்பீக்கரில் போட்டான்.

"என் சாறு வரலைப்பா. ராகவேந்தர் பேசறேன். பாத்ரூம் போகக்கூட எழுந்துக்க முடியலை. என்னை யாரும் கவனிக்க மாட்டேங்கறாங்க."

சுபிக்ஷா திகைத்துப்போனாள். பெரிய மனிதர், பெரிய குரலாக இருக்கும் என்று நாலு வருஷமாக நினைத்துக்கொண்டிருந்தாள். இது பயந்துபோன குரலாக இருந்தது.

"சார், இனிமே வராதுங்க. அவங்க நிறுத்திட்டாங்க" என்றான் மகிழன்.

"யாரு நிறுத்தினது? அந்தப் பொண்ணா? அது பேரு என்ன?"

அவர் பேரை அவள் எத்தனை ஆயிரம் தடவை சொல்லியிருப்பாள்! அவருக்கு இவள் பேர்கூடத் தெரியாது. சுபிக்ஷாவுக்குக் கோபம்தான் வந்திருக்க வேண்டும். வந்தது. கூடவே அய்யோ என்றும் இருந்தது. போனை நோக்கிக் குனிந்தாள்.

"என்ற பேரு சுபிக்ஷாங்க. கட்டிலப் புடிச்சுட்டு எந்திரிச்சு நில்லுங்க."

"என்னால முடியாதும்மா. விழுந்துடுவேன். செத்துடுவேன்."

"சாக மாட்டீங்க. உங்க உடம்பு மறந்துபோச்சு, அவ்வளவுதான். பக்கத்துல ஆள நிறுத்திக்கங்க. வலிக்கும். வாசல் வரைக்கும் போங்க. போயிட்டு வந்து என்னத் திட்டுங்க, கேட்டுக்கறேன்."

லைன் துண்டிக்கப்பட்டது. வெகுநேரம் கழித்து மறுபடி அடித்தது. மூச்சிரைப்பு மட்டும்தான் முதலில் கேட்டது. அப்புறம் அந்த மனிதர் வாயில் வந்தபடி திட்ட ஆரம்பித்தார். கேட்கக் கூசுகிற வசவுகள். சுபிக்ஷா வாக்குக் கொடுத்தபடி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டாள். கடைசியில் "பாதி ஹால் வரைக்குந்தான் போனேன்" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டார். அடுத்த அழைப்பு வருவதற்குள் கம்பெனி மகிழனின் லைனை வெட்டியது.

காலையில் இருவரும் மலையடிவாரத்துக்குப் போனார்கள். மகிழன் சக்கர நாற்காலியில், கையில் பழைய காற்றாலைக் கிளவுஸ் மாட்டிக்கொண்டு. துளசிமணி அக்காவும் இன்னும் சிலரும் வெறும் மணிக்கட்டோடு நின்றிருந்தார்கள். மற்றவர்கள் இன்னும் கயிற்றோடு, தரையைப் பார்த்துக்கொண்டு. அபிநந்தனும் காரில் சாய்ந்து நின்றிருந்தார். மலை சுற்றுகிற ரோடு ஊர்ப் பொது ரோடு; அதில் யாரையும் தடுக்க அவருக்கு வழியில்லை. மகிழன் சக்கரத்தைத் தானே தள்ளினான். சமதரையில் நன்றாகவே போனான். அக்காவை வம்புக்கு இழுத்துக்கொண்டு, மயில் போல அகவிக்காட்டிக்கொண்டு, ரவுசு பண்ணிக்கொண்டு போனான். 

தெற்குத் திருப்பத்தில் ஒரு ஏற்றம் இருக்கிறது. நடக்கிறவர்களுக்கே அங்கே தொடை பிடித்துக்கொள்ளும். பாதியில் நாற்காலி நின்றது. மகிழனின் தோள்கள் நடுங்கின. சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது, தாடையிலிருந்து வியர்வை சொட்டியது. விழுந்த நாளிலிருந்து அவன் இப்படி வியர்த்து அவள் பார்த்ததில்லை. சக்கரம் ஒரு சாண் பின்னால் உருண்டது. சுபிக்ஷாவின் கை தானாகப் போய் நாற்காலியின் பிடியில் விழுந்தது.

"கைய எடு!" என்று கத்தினான் மகிழன்.

"விழுந்துருவடா."

"விழுந்தா விழுகறேன். நீ கைய எடுக்கா!"

பின்னாலேயே மெதுவாக ஊர்ந்து வந்த காரின் ஜன்னல் இறங்கியது. "பாவம் சகோதரி, தம்பி கஷ்டப்படறார் பாருங்க. ஒரு கை குடுங்க. இவ்வளவு கல் மனசா?" என்றார் அபிநந்தன்.

"நீங்க கம்முனு இருங்க சார்" என்றாள் சுபிக்ஷா திரும்பிப் பார்க்காமல்.

பிடியிலிருந்து ஒவ்வொரு விரலாகப் பிரித்தெடுத்தாள். அத்தனை வருஷம் தினமும் ஊசிக்கு நீட்டிப் பழகின கை, சொன்ன பேச்சைக் கேட்க மறுத்தது. அதை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோய் இன்னொரு கையால் இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். சக்கரம் இன்னொரு சாண் பின்னால் வந்தது. நின்றது. மகிழன் பல்லைக் கடித்துக்கொண்டு ஏதோ கெட்ட வார்த்தை சொன்னான். சக்கரம் ஒரு விரற்கடை முன்னால் போயிற்று. சுபிக்ஷா கையைப் பின்னால் கட்டிக்கொண்டு அங்கேயே நின்றாள்.